முதலில் கருத்து, பிறகு ஆங்கிலம்



"அண்ணாச்சி, எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. இவளுக்கு நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்க முடியும்?"

தாராவியில் வசிக்கும் ஒரு தாயார் சில மாதங்களுக்கு முன்பு என்னிடம் கேட்ட கேள்வி இது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருமணமாகி மும்பைக்கு வந்தவர். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்று, அந்த வருமானத்தில் மகளை ஆங்கில வழிப் பள்ளியில் படிக்க வைக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. "வீட்டுப்பாடத்தை ஒழித்துவிட வேண்டுமா?" என்னும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு கருத்துக் கட்டுரை எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவளும் எழுதிக் கொடுத்தாள். 'மீண்டும் எழுதுக' என்று சிவப்பு மையில் குறிப்பெழுதி, ஆசிரியை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நோட்டை வாங்கிப் படித்துப் பார்த்தேன். 'இன் டுடேஸ் மாடர்ன் வேர்ல்ட்' என்று தொடங்கியது. இரண்டாம் பத்தியில் வீட்டுப்பாடத்தின் நன்மைகள். மூன்றாம் பத்தியில் தீமைகள். 'எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்' என்று முடிந்தது. இலக்கணப் பிழைகள் சிலவே இருந்தன. ஆனால் அந்தப் பக்கத்தில் எந்த மனிதரும் இல்லை. எழுதியவள் தாராவியில் இருக்கிறாளா, டெல்லியில் இருக்கிறாளா, அவளுக்கு வீட்டுப்பாடம் வேண்டுமா, வேண்டாமா என்பதைக் கடைசி வரி வரையிலும் அறிய முடியவில்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டுத் தமிழில் கேட்டேன்: "நீ என்னம்மா நினைக்கிறே? வீட்டுப்பாடம் வேணுமா, வேண்டாமா?"

அவள் முதலில் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. வரிசையில் நிற்பது அவள்தான். மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர். எல்லோரும் படுத்த பிறகே நோட்டை விரிக்க முடிகிறது. அப்படிக் கண் விழித்து அவள் செய்வது என்ன? பாடப் புத்தகத்தின் பின்னால் உள்ள கேள்வி-பதிலை அப்படியே பார்த்து எழுதுவது. "எழுதி முடிச்ச பிறகு கேட்டா ஒரு வரிகூட ஞாபகம் இருக்காது" என்றாள்.

பிரியமானவர்களே, அந்தப் பத்து நிமிடப் பேச்சில் ஒரு நல்ல கட்டுரைக்கு வேண்டிய அனைத்தும் இருந்தன. நோட்டில் மட்டும் அவற்றுள் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தவுடன் தன் வாழ்க்கையை வாசலிலே விட்டுவிட்டு, கைடு புத்தகத்தின் வாக்கியங்களோடு மாத்திரம் உள்ளே நுழைந்திருக்கிறாள். இது அவள் ஒருத்தியின் குறை அல்ல. நம் பிள்ளைகளில் அநேகருடைய குறை. ஆகவே இந்த மாதம் இதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கெல்லாம் தேவைப்படுகிறது?

இது ஒன்பதாம் வகுப்போடு முடிந்துபோகும் காரியம் அல்ல. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம், கட்டுரை ஆகியவற்றை 120 முதல் 150 சொற்களுக்குள் எழுத வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் செவிலியர் பணிக்காக வெளிநாடு செல்ல எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில், எழுத்துப் பகுதியின் இரண்டாம் வினா கருத்துக் கட்டுரையே. குறைந்தது 250 சொற்கள். அதற்கு ஏறக்குறைய 40 நிமிடங்கள் ஒதுக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மத்திய அரசின் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு மட்டும் 250 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள். அதைத் தமிழிலும் எழுதலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இவற்றில் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் மதிப்பீட்டு முறையைச் சற்றே கவனியுங்கள். நான்கு அளவுகோல்கள், நான்கிற்கும் சம மதிப்பு. கேட்ட கேள்விக்குத் தெளிவான நிலைப்பாட்டோடு பதில் சொல்லியிருக்கிறாரா என்பது ஒன்று. கருத்துகள் ஒன்றோடொன்று தொடர்புற்று ஒழுங்காகச் செல்கின்றனவா என்பது இரண்டு. சொல்வளம் மூன்று. இலக்கணம் நான்கு. அதாவது, மதிப்பெண்ணில் பாதி சிந்தனைக்கும் ஒழுங்குக்கும் உரியது. இலக்கணத்திற்கு உரியது நான்கில் ஒரு பங்கே. நாமோ பிள்ளைகளின் இலக்கணத்தைக் குறித்து முழுவதுமாய்க் கவலைப்படுகிறோம். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்பதில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லுங்கள்

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். முன்னுரையில் ஒரு பழமொழியோ மேற்கோளோ சொல்லி, மெல்ல மெல்ல நடந்து, நம் எண்ணத்தை முடிவுரையில் வெளியிடுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். நம் மொழியின் அமைப்பும் அப்படிப்பட்டதே. "நான் நேற்று மழையில் நனைந்துகொண்டு தாதர் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கினேன்" என்ற வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதுவரை கேட்பவர் பொறுமையோடு காத்திருக்கிறார்.

ஆங்கில வாக்கியத்தில் எழுவாயை அடுத்தே வினை வந்துவிடும். செய்தது இன்னதென்று முதலில் தெரிந்துவிடும். எங்கே, எப்படி என்பவை பின்னால் வரும். ஆங்கிலக் கருத்துக் கட்டுரையும் அவ்விதமே நடக்கிறது. படிப்பவர் முதல் பத்தியிலேயே, "இவர் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார். பதில் கிடைக்காவிட்டால், எழுதியவருக்குத் தெளிவில்லை என்று எண்ணிக்கொள்கிறார். நமக்குப் பணிவாகத் தோன்றும் ஒன்று அவருக்குக் குழப்பமாகத் தோன்றுகிறது.

ஆகவே முதல் பத்தியிலேயே ஒரே வாக்கியத்தில் நிலைப்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். அந்த வாக்கியத்தில் 'ஏனெனில்' என்ற சொல், ஆங்கிலத்தில் 'பிகாஸ்', இருக்கட்டும். 'வீட்டுப்பாடம் கூடாது' என்பது வெறும் விருப்பம். 'பார்த்து எழுதும் வீட்டுப்பாடம் கூடாது. ஏனெனில் அது நேரத்தை எடுத்துக்கொள்கிறது, ஆனால் எதையும் கற்பிப்பதில்லை' என்பதே கருத்து.

காரணத்திற்கு ஒரு சாட்சி

அடுத்து, இரண்டு காரணங்கள் போதும். ஐந்து காரணங்களை ஆளுக்கு ஒரு வரியாக எழுதுவதைக் காட்டிலும், இரண்டு காரணங்களை ஒவ்வொரு பத்தியாக விரிப்பது வலிமை வாய்ந்தது. ஒவ்வொரு காரணத்திற்கும் ஒரு சாட்சியை நிறுத்துங்கள். கண்ணால் கண்டது, தான் அனுபவித்தது, நம்பத்தகுந்த நூலில் படித்தது இவற்றுள் ஏதாவது ஒன்றாக அது இருக்கலாம்.

'வீட்டுப்பாடம் மாணவர்களுக்குச் சுமையாக இருக்கிறது' என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். 'காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரிசையில் நிற்கும் நான், இரவு பதினோரு மணிக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறேன். மறுநாள் அதில் ஒரு வரியும் நினைவில் இல்லை' என்று இந்தப் பெண் ஒருத்தியே எழுத முடியும். படிப்பவரை நின்று கவனிக்கச் செய்வது இந்த வரியே.

நம் பிள்ளைகள் பலர் தங்கள் வாழ்க்கையைக் கட்டுரையில் எழுத வெட்கப்படுகிறார்கள். குழாயடியும் ஒற்றை அறையும் ஆங்கிலத்திற்கு ஏற்றவையல்ல என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வெட்கத்தை முதலில் நீக்குங்கள். அவர்கள் கண்ட உண்மையைக் காட்டிலும் பலமான சாட்சி வேறு எங்கே இருக்கிறது?

எதிர்க்கட்சிக்கும் ஓர் இடம்

இனி, மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். அன்று மகள் பேசி முடித்தவுடன், அதுவரை அமைதியாய் நின்ற தாயார் குறுக்கிட்டார்.

"ஏட்டி, வீட்டுப்பாடம் இல்லேன்னா நீ புத்தகத்தைத் தொடுவியா? போன லீவுல ஒரு கணக்காவது போட்டியா? கேட்டாச் சொல்லு பாப்போம்."

மகள் திகைத்து நின்றாள். சற்று நேரம் கழித்து, "கணக்கு மட்டும் வீட்ல போட்டாத்தாம்மா வருது" என்று ஒத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் கட்டுரை பிறந்தது! வீட்டுப்பாடத்தையே ஒழிக்க வேண்டும் என்ற அவளுடைய எண்ணம் மாறி, கூர்மையடைந்தது. பயிற்சி தரும் வீட்டுப்பாடம் இருக்கட்டும்; பார்த்து எழுதும் வீட்டுப்பாடம் போகட்டும் என்ற நிலைக்கு அவள் வந்தாள். இது முன்னதைக் காட்டிலும் உண்மையானது. எந்த ஆசிரியரும் எளிதில் தள்ளிவிட முடியாதது. எழுத்தறியாத தாயின் ஒரு கேள்வி, எந்தக் கைடு புத்தகமும் செய்யாததைச் செய்துவிட்டது.

எதிர்க்கருத்தை மறைப்பவர் பலவீனமானவர். அதை நேர்மையாக எடுத்துச் சொல்லி, அதில் உள்ள உண்மையை ஏற்று, அது எந்த இடத்தில் தவறுகிறது என்று காட்டுபவரே நம்மைச் சம்மதிக்கச் செய்கிறார். இது ஆங்கிலேயரிடமிருந்து நாம் கற்க வேண்டிய புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் நூலாசிரியர் மேற்கொள்ளும் ஏழு வகை மதங்கள், அதாவது கொள்கைகள், சொல்லப்படுகின்றன. பிறர் கருத்துக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் அதைக் களைவது மற்றொன்று. தன் கருத்தைத் தானே நாட்டி நிலைநிறுத்துவதும், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிவதும் அந்த ஏழில் அடங்கும். இன்று ஆங்கில வகுப்பில் கற்பிப்பது இதைத்தானே!

இந்த மும்பை நகரத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவரின் எடுத்துக்காட்டையும் சொல்ல விரும்புகிறேன். டாக்டர் அம்பேத்கரின் தாய்மொழி மராத்தி. 1936-ஆம் ஆண்டு லாகூரில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டிற்காக அவர் ஆங்கிலத்தில் தலைமையுரை ஒன்றை ஆயத்தம் செய்தார். அதிலிருந்த கருத்துகளை மாநாட்டை நடத்தவிருந்தவர்களால் ஏற்க முடியவில்லை, மாநாடு நடைபெறவில்லை. அம்பேத்கர் அந்த உரையை 'அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்' என்ற பெயரில் தாமே நூலாக வெளியிட்டார். காந்தியடிகள் தமது 'ஹரிஜன்' இதழில் அதற்கு மறுப்பு எழுதினார். 1937-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, காந்தியடிகளின் மறுப்பைத் தம் நூலிலேயே சேர்த்து அச்சிட்டு, அதனோடு தம் பதிலையும் வைத்தார் அம்பேத்கர். எதிர்ப்பவரின் சொற்களுக்குத் தம் வீட்டிலேயே இடம் கொடுத்த அந்தத் துணிவைக் கவனியுங்கள். தம் கருத்தில் உறுதியுள்ளவர் மட்டுமே இப்படிச் செய்ய முடியும்.

முடிவுரையில் என்ன சொல்வது?

சொன்னதையே மறுபடியும் சொல்லி முடிப்பது பலருடைய வழக்கம். அதற்குப் பதிலாக, 'ஆகையால் என்ன செய்ய வேண்டும்?' என்பதைச் சொல்லுங்கள். யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாயிருக்கட்டும். 'அரசாங்கம் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதுவதால் பயனில்லை. 'எங்கள் பள்ளியில் ஒவ்வொரு நாளும் ஒரு பாடத்திற்கு மட்டும், அதுவும் பயிற்சிக் கணக்கோ சொந்தமாக எழுதும் ஐந்து வரிகளோ கொடுக்கலாம்' என்பது செய்யக்கூடியது. செய்யக்கூடிய சிறிய ஒன்றைக் கேட்பவருக்கே செவிகொடுப்பார்கள்.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களையும் இந்த இடத்தில் நினைவில் கொள்வது நலம். குறைவாகச் சொல்வது, மிகைப்படுத்துவது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது, போகப் போகத் தேய்ந்துபோவது ஆகியவை அவற்றுள் சில. கட்டுரையை எழுதி முடித்தபின் இந்த ஆறையும் ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

மொழியில் கவனிக்க வேண்டியவை

கருத்து ஆயத்தமான பிறகே ஆங்கிலத்திற்கு வர வேண்டும். தமிழ் பேசும் நம் பிள்ளைகள் அடிக்கடி தவறும் சில இடங்களை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

1. தமிழில் 'எ', 'தி' போன்ற சுட்டிடைச் சொற்கள் இல்லை. ஆகையால் அவற்றை விட்டுவிடுகிறோம். கட்டுரையை முடித்தபின் இதற்காகவே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

2. 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' வரக்கூடாது. 'ஆனாலும்' என்ற பொருளை ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

3. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பது தவறு. 'ஐ ஹேவ்' என்பதே சரி. 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் 'அபௌட்' வேண்டாம்.

4. சென்று, பார்த்து, கேட்டு, திரும்பி வந்து என்று தமிழில் எச்சங்களை அடுக்கிச் செல்லலாம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினால் 'அண்ட்', 'அண்ட்' என்று சங்கிலி நீளும். இரண்டு செய்திகள் வந்தவுடன் முற்றுப்புள்ளி வையுங்கள்.

5. 'ஆல்', 'ஆல்வேஸ்', 'நெவர்' என்ற சொற்களுக்கு அஞ்சுங்கள். 'எல்லா மாணவர்களும்' என்று எழுதினால், விலக்காக ஒரே ஒரு மாணவரைக் காட்டி உங்கள் வாதத்தைக் கவிழ்த்துவிடலாம். 'மெனி', 'ஆஃபன்' என்று எழுதுங்கள். அடக்கமும் கிடைக்கும், உண்மையும் நிலைக்கும்.

அரிய சொற்களை அகராதியில் தேடி நுழைக்க வேண்டாம். எளிய சொல்லைச் சரியான இடத்தில் வைப்பதே சொல்வளம்.

கைப்பேசி எழுதிக் கொடுக்காதா?

சிலர் இப்படிக் கேட்கலாம். உண்மைதான், இன்று கைப்பேசியில் தலைப்பைக் கொடுத்தால், பிழையற்ற ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை ஒரு நிமிடத்திற்குள் வந்து நிற்கிறது. ஆனால் தேர்வு அறையில் அது உடன் வராது. நேர்முகத் தேர்வில், "இதை ஏன் எழுதினாய்?" என்று கேட்கும்போது அது பதில் சொல்லாது. அதைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தன் எண்ணத்தைத் தானே கண்டுபிடித்து, அதற்குக் காரணம் சொல்லிப் பழகாத பிள்ளை, நாளை வேலை செய்யும் இடத்தில் அநியாயம் நடந்தாலும் வாய் திறக்கத் தெரியாமல் நிற்கும். ஊரை விட்டு வந்து, வேற்று மொழிக்காரர் நடுவில் வாழும் நமக்கு, நம் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லத் தெரிவது மதிப்பெண்ணுக்கான காரியம் மாத்திரம் அல்ல.

பெற்றோருக்கு நான்கு கேள்விகள்

அருமைத் தாய்மாரே, தகப்பன்மாரே! "எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று ஒதுங்கிப் போகாதிருங்கள். உங்கள் பிள்ளை கட்டுரை எழுத உட்காருமுன், தமிழில் இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள்.

"நீ என்ன சொல்லப் போகிறாய்?"

"ஏன் அப்படிச் சொல்கிறாய்?"

"அதை நீ எங்கே பார்த்தாய்?"

"நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றால் எனக்கு என்ன பதில் சொல்வாய்?"

நான்காவது கேள்வியைக் கேட்கும்போது கோபம் வேண்டாம். பிள்ளை எதிர்த்துப் பேசுகிறதே என்று வாயை அடைத்துவிடவும் வேண்டாம். வீட்டிலே மரியாதையோடு மறுத்துப் பேசக் கற்ற பிள்ளைதான் காகிதத்திலும் மரியாதையோடு மறுத்து எழுதும். ஆங்கிலத்தைத் திருத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எண்ணத்தை எழுப்பிவிடும் பணியை வீட்டில் நீங்கள் செய்ய முடியும்.

அந்தப் பெண்ணின் கட்டுரை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாம் முறை எழுதிக் கொடுத்தாள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வந்த தாளில் ஏழு இடங்களில் சிவப்பு வட்டம் இருந்தது. 'எ', 'தி' விட்டுப்போன இடங்களே அவற்றுள் அதிகம். ஆனால் மூன்றாம் பத்தியின் ஓரத்தில், 'குட் பாயின்ட். கம் அண்ட் டாக் டு மீ' என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

அந்தத் தாளை அவள் வீட்டிற்குக் கொண்டுவந்த மாலையில் நானும் அங்கே இருந்தேன். தாயார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினார். வரிகளின் மேல் பார்வையை ஓட்டினார். பிறகு மகளிடம், "நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதினியே, அது எந்த இடத்துல இருக்கு?" என்று கேட்டார். மகள் மூன்றாம் பத்தியைக் காட்டினாள். 'மை மதர் சேஸ்' என்று தொடங்கும் பத்தி அது. தாயார் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "வாசிச்சுச் சொல்லு" என்றார். அவள் ஆங்கிலத்தில் ஒருமுறை வாசித்து, பிறகு தமிழில் சொன்னாள்.

தாயார் முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னும் நான் ஒத்துக்கல" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

இந்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள். 'பள்ளி மாணவருக்குச் சொந்தக் கைப்பேசி வேண்டுமா?' என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தமிழில் பேசட்டும்; நீங்கள் மறுத்துப் பேசுங்கள். பிறகு பிள்ளை ஆங்கிலத்தில் 150 சொற்களில் எழுதட்டும். எழுதியதில் உங்கள் மறுப்புக்கு எந்த இடத்தில் பதில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.